வரலட்சுமி என்கிற தொடர்பு

காத்தவராயனுக்கு ஐஸ் தொழிற்சாலையில் காவல்காரன் வேலை ஏறக்குறையக் கிடைத்துவிட்டது. ரத்தம் ஒன்றுதான் பாக்கி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கட்டுமரம் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். ஐப்பசி மழையில் குளிர்காய்ச்சல் கண்டு எழுந்த பிறகு, மரத்தில் ஏறி நின்றால் கடல் ஆடுவதற்கு முன்னால் அவன் ஆடினான். கரையிலேயே ஒரு வேலை பார்த்துக்கொள்வது என்று அவன் மனைவி ரத்னா முடிவெடுத்தாள். அந்த வீட்டில் முடிவுகளை அவள்தான் எடுப்பாள். ஐஸ் தொழிற்சாலையில் காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ஐஸ்கட்டியைக் காவல் காப்பவனின் ரத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்து, ரத்தத்தில் மேகம் இருக்கிறது, மனைவியோடு செங்கல்பட்டு நிலையத்துக்குப் போகவும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மழையில் நனைந்ததில் மேகம் உள்ளே போய்விட்டது போலிருக்கிறது என்று காத்தவராயன் நினைத்துக்கொண்டான். ரத்னா எதையும் நினைக்கவில்லை. எப்படியும் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகிறவள். கூடையையும் புருஷனையும் ஒரே பஸ்ஸில் ஏற்றினாள்.

ரத்னாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுடைய பொறாமை குப்பத்தில் பெயர் பெற்றது. மீன் ஏலத்தில் எவளாவது காத்தவராயனை ‘அண்ணாத்த’ என்று கூப்பிட்டால், அந்த அண்ணாத்தயில் அண்ணன் எவ்வளவு இருக்கிறான் என்று நிறுத்துப் பார்ப்பாள். எடை குறைந்தால் அன்றைக்கு ஏலம் நடக்காது. காத்தவராயனோ பெண்களைப் பார்த்தால் வலையைப் பார்க்கிறவன். அதனால் குப்பத்தில் நன்றாகப் பார்க்கப்பட்ட வலைகள் அவனுடையவை.

நிலையம் ரயிலடிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. மேகநோய்த் தடுப்பு மற்றும் தொடர்பறி நிலையம் என்று முழங்கை நீளத்துக்கு ஒரு பலகை. நோயாளிகளின் மானத்தைக் காப்பதற்காகச் சிறிதாக எழுதியிருந்தார்கள். ஆனால் ‘இங்கே ரகசியம் காக்கப்படும்’ என்பதை மதில் நீளத்துக்குச் சிவப்பு வண்ணத்தில் எழுதியிருந்தார்கள். உள்ளே பெஞ்சுகள் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாதாம். அவரவர் முறை வந்ததும் கம்பவுண்டர் வாசற்படியில் நின்று பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் மூன்று தடவை கூவுவார். தெருமுனை வெற்றிலைக் கடைக்காரர் எதிர்க்குரல் கொடுத்து ஆளை அனுப்பிவைப்பார்.

டாக்டர் சுப்புராமன் நிலையத்தின் தலைவர். எமர்ஜென்சி காலம். அவருடைய நாற்காலிக்கு மேலே ‘பேச்சைக் குறை, உழைப்பைக் கூட்டு’ என்று எழுதி மாட்டியிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்து அவர் நிறையப் பேசினார்.

“உட்காரும்மா. உன் புருஷனுக்கு வந்திருப்பது டிரெபோனிமா என்கிற ஒரு நுண்ணுயிரால் உண்டாகும்...”

“பொம்பளைச் சீக்கும்மா” என்றார் வாசலிலிருந்து கம்பவுண்டர்.

ரத்னா உட்காரவில்லை. “எந்தப் பொம்பள?” என்றாள்.

டாக்டர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. “என் சர்வீஸில் இவ்வளவு சரியான கேள்வியை யாரும் கேட்டதில்லை. அரசாங்கம் கேட்பதும் இதே கேள்விதான் அம்மா. எந்தப் பொம்பளை?”

அந்த நிமிஷத்திலிருந்து ரத்னாவும் அரசாங்கமும் ஒரு பக்கம். காத்தவராயன் தனியாக ஒரு பக்கம்.

“யாரும் இல்லீங்க. கடலாத்தா மேல சத்தியமா இல்லீங்க” என்றான் அவன்.

“எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். சத்தியம் செய்வதே இந்த நோயின் முதல் அறிகுறி என்று நான் ஒரு கட்டுரை படித்திருக்கிறேன். எழுதியதும் நான்தான்.”

“ஊசி இன்னாவோ கீதாமே. அத்தப் போட்டு வுட்ருங்க.”

“பென்சிலின் இருக்கிறது. போட்டால் குணமாகிவிடும். குணமானவன் எதற்காகத் தொடர்பைச் சொல்வான்? அதனால் தொடர்பைச் சொன்ன பிறகுதான் ஊசி. மாதத்துக்கு இத்தனை தொடர்பு என்று எங்களுக்கு இலக்கு கொடுத்திருக்கிறார்கள். இத்தனை பேர் குணமாக வேண்டும் என்று இலக்கு எதுவும் கொடுக்கவில்லை.”

ரத்னா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் பயமும் வந்துவிட்டது. “இவுரு எத்தினி நாளு இருப்பாரு டாக்டரு?”

டாக்டர் ஆர்வமாகப் பென்சிலை எடுத்தார். “இந்தியனின் சராசரி ஆயுள் ஐம்பது. உன் புருஷனுக்கு நாற்பது. பாக்கி பத்து.”

“சீக்கு வந்ததுனால பத்தா?”

“சீக்கு இல்லாமலே பத்து. சீக்கை நான் இன்னும் சேர்க்கவில்லை. வைத்தியம் செய்யாமல் விட்டால் பதினைந்து வருஷம் கழித்து மூளையைத் தாக்கும்.”

ரத்னா விரலை மடக்கினாள். “பத்து வருசத்துல போய்ச் சேந்துடுவாருன்றீங்க. அப்பால பதினஞ்சாவது வருசத்துல மூளை கெட்டுப்பூடும்ன்றீங்க.”

“சராசரியாக.”

“செத்தவருக்கு இன்னாத்துக்கு மூளை?”

“அதனால்தான் அரசாங்கம் வைத்தியத்தில் அவசரப்படுவதில்லை” என்றார் டாக்டர்.

ரத்னாவின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்றுமில்லை. டாக்டர் அவளைப் பாராட்டினார். “நீ சுத்தம். ஆகவே இன்னொருத்தி இருக்கிறாள் என்பது விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாகிவிட்டது.”

பிறகு காத்தவராயன் பக்கம் திரும்பிப் புலம்பினார். அச்சரப்பாக்கத்திலும் இதே மாதிரி ஒரு நிலையம் இருந்தது. டாக்டர் கேசவன் என்பவர் அதற்குத் தலைவர். சுப்புராமனோடு ஒரே வகுப்பில் படித்தவர். “ஹைவேயில் உட்கார்ந்திருக்கிறான். லாரி டிரைவர்களாக வருகிறார்கள். போன மாசம் ஒரே டிரைவர், தானாக, கேட்காமல், பதினோரு பெயர் சொன்னான். கேசவனுக்கு ஜீப் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வந்து வாய்த்தது நீ. ஒன்று, ஒரே ஒன்று சொல்ல உனக்கு வலிக்கிறது.”

திரும்பும்போது பஸ்ஸில் ரத்னா ஆண்கள் பக்கத்து இருக்கை ஒன்றில் அவனை உட்காரவைத்து, அவனை அங்கிருந்து எவள் பார்க்கிறாள் என்று கவனித்துக்கொண்டே வந்தாள். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய ஒரு கிழவி இடம் கேட்டாள். ரத்னா கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவனுக்குத் தனித் தட்டு, வலைக் கொட்டகையில் படுக்கை. வாரத்தில் ஒரு நாள் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி அவன் கண்ணைப் பார்ப்பாள். கண்ணில் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாதபடி வைத்திருக்கிறான் என்று அதற்கும் கோபப்படுவாள். காத்தவராயன் கடலைப் பார்த்து உட்கார்ந்து, மூளை இன்னும் இருக்கிறதா என்று சோதிப்பதற்காக மீன்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொள்வான். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, காரப்பொடி. ஒருநாள் சங்கராவை விட்டுவிட்டான். உட்கார்ந்து அழுதான்.

குப்பத்து ஆண்கள் அவனைப் பார்த்த பார்வையும் மாறியிருந்தது. அதில் இரக்கம் இல்லை. அவனோடு ஒரே மரத்தில் போகிற தணிகைவேல் மனசு தாங்காமல் கேட்டேவிட்டான். “மச்சான், பொறந்ததுலேர்ந்து ஒண்ணா கீறோம். எனுக்கு ஒரு வார்த்த சொல்லலியே நீ. யாரு அது?”

“யாரும் இல்லடா.”

“சொல்ல வாணாம். உனுக்குன்னு வந்துகீது, நீயே வெச்சிக்க. நானும்தான் கீறேன், ஒரு சளி கூட ஒயுங்கா வரல.” சற்று நேரம் மணலைக் கிளறிவிட்டுச் சொன்னான். “சரி, பேஜார் பண்றானுங்கன்னா ஏதோ ஒரு பேரச் சொல்லிட்டு ஊசியப் போட்டுகினு வந்துடேன். எவன் போய்ப் பாக்கப் போறான்?”

அடுத்த முறை நிலையத்தில், டாக்டருக்குப் பக்கத்தில் லோகநாயகி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். தொடர்புகளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருவது அவள் வேலை. அச்சரப்பாக்கத்தில் இதே வேலை பார்ப்பவள் ஜீப்பில் போகிறாள், இவள் சைக்கிளில் போகிறாள். அந்தக் கசப்பு அவள் முகத்தில் நிரந்தரமாக இருந்தது. ரத்னாவை வெளியே பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். நடுவில் ஒரு துணித் திரை மட்டும்.

“பெயர்?” என்றாள் லோகநாயகி.

காத்தவராயன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். தெருவில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. “வரலட்சுமி” என்றான்.

“ஊர்?”

“படாளம்.”

டாக்டர் எழுந்து நின்று அவன் கையைக் குலுக்கினார். காப்பி வரவழைத்தார். லோகநாயகி விடவில்லை. “ஆள் எப்படி? அடையாளம் சொல்லு. என்னால் படாளம் முழுக்கச் சைக்கிள் மிதிக்க முடியாது.”

பெண்களைப் பார்த்தால் வலையைப் பார்க்கிறவன் என்ன சொல்வான்? அவன் கண்ணை மூடிக்கொண்டான். “மாநெறம். மேல் ஒதட்டுல ஒரு மச்சம் கீது, மொளகு கணக்கா. கோவம் வந்தா மூக்கு செவந்துபூடும். நடந்து வந்தா தரை அதிரும்... ஆனா சிரிச்சான்னு வையி...” அவன் நிறுத்தினான். “சிரிச்சா, வலையில ராத்திரி மீனு வுயுந்தா பளபளன்னு இருக்குமே, அப்டி இருக்கும். இப்பல்லாம் சிரிக்கறதில்ல.”

திரைக்கு வெளியே ரத்னா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரில் இல்லாத ஒரு படாளத்துக்காரியின் மச்சம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. காத்தவராயன் தன் ஆயுளிலேயே இவ்வளவு பேச்சுச் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை.

ஊசி அன்றும் போடவில்லை. முதலில் தொடர்பு, பிறகு நோயாளி. தொடர்பைக் கூட்டிவந்து அவளுக்குப் போட்டு மிஞ்சினால் இவனுக்கு என்றார்கள்.

ரத்னா சில நாள் பொறுத்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை. பிறகு ஒரு காலையில் மீன் கூடையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, வால் மிதிபட்ட பூனை மாதிரி கிளம்பினாள். செங்கல்பட்டில் இறங்கி, மதுராந்தகம் பஸ் பிடித்து, படாளத்தில் போய் நின்றாள். வரலட்சுமி என்று கேட்டதும் மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டு ஒரே பக்கம் கை காட்டினார்கள்.

ரோட்டோரத்தில் ஒரு இட்லிக் கடை. கூட்டம் இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்புக்குப் பின்னால் ஒரு அம்மாள் இருந்தாள். கறுப்பு, கனத்த உடம்பு, நரைத்த தலை, முன்பல்லில் ஒன்று இல்லை. ரத்னாவைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும்.

அழகியாக இருந்தால் சண்டைக்கு ரத்னா வார்த்தை தயாராக வைத்திருந்தாள். இதற்கு ஒன்றும் தயாரிக்கவில்லை. “நீதான் வரலட்சுமியா? இதுக்கா? இதுக்கா எம் புருசன் இத்தன தூரம் வந்தான்?”

வரலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள். “ஓகோ, வந்துட்டியா? ஒன்ன மாதிரி ஒருத்தி வருவான்னுதான் காத்துகினு இருந்தேன். யாருடி ஒம் புருசன்? எம் பேர எவன் சொன்னான்?”

அப்புறம் அவள் சொன்னதை ரத்னா நின்றபடியே கேட்டாள். ஒரு நாள் பகலில், கடை நிறைய ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சைக்கிளில் வந்த ஒரு அம்மாள் ரகசியம் என்று சொல்லிக்கொண்டே, ‘மேகநோய்த் தொடர்பு வரலட்சுமி யார்?’ என்று கேட்டாளாம். ஊரில் மூன்று வரலட்சுமி. ஒருத்திக்கு ஏழு வயது, ஒருத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். மிஞ்சியது விதவையான இவள். செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் தொடர்பு தொடர்புதான் என்று நாள் தவறாமல் வரச் சொல்லி இடுப்பில் ஊசி குத்தினார்கள். உட்கார முடியவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பொட்டலம் பால்பவுடர் கொடுத்தார்கள்.

“பால்பவுடரு வேறயா?” என்றாள் ரத்னா. “சீக்காளிக்கு ஊசி இல்ல. ஒனக்கு ஊசியும் பால்பவுடருமா?”

“வேணும்னா எடுத்துகினு போ, மூலையில கெடக்குது. அன்னியிலேர்ந்து ஒரு ஆளு எங் கடையில கை நனைக்கல. அந்தச் சைக்கிள்காரி அடையாளம்னு ஒண்ணு சொன்னா. மாநெறம்னா. எம் மூஞ்சியப் பாரு. ஒதட்டு மேல மச்சம்னா. எங்கடி கீது மச்சம்?” வரலட்சுமி அடுப்பைச் சுற்றி வந்து ரத்னாவின் முகத்துக்கு நேரே நின்றாள். விரலை நீட்டி ரத்னாவின் மேலுதட்டைத் தொட்டாள். “மொளகு கணக்கா... அடியே. ஒனக்குத்தான் கீது.”

ரத்னாவின் மூக்கு அப்போது நன்றாகச் சிவந்திருந்தது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். வரலட்சுமி கேட்காமலே இலையைப் போட்டு இட்லி வைத்தாள். ரத்னா பேசாமல் தின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, சட்னி காரம் என்று சொல்லிக்கொண்டாள். நாலாவது இட்லியில் நிறுத்தி, “வலையில ராத்திரி மீனு வுயுந்தாப்போலன்னு சொன்னான்” என்றாள்.

“நல்லாத்தானே சொல்லிகீறான்.”

“எங்கிட்ட ஒரு நாள் சொன்னதில்ல. கெவுர்மெண்டுகிட்ட போயி சொல்லிகீறான்.” ரத்னாவுக்கு மறுபடி பற்றிக்கொண்டது. இந்த முறை அரசாங்கத்தின் மேல்.

அவள் வரலட்சுமியைக் கையோடு குப்பத்துக்கு அழைத்துவந்தாள். வலைக் கொட்டகையில் இருந்த காத்தவராயன், வந்த அம்மாளை ஏறிட்டுப் பார்த்து, “வாங்க, மீனு வோணுமா?” என்றான். அந்த முகத்தைப் பார்த்ததுமே ரத்னாவுக்குத் தெரிந்துவிட்டது. விசாரணைக்கு அவசியமில்லை. வரலட்சுமிக்கு இருந்தது. “டேய், எம் பேரு ஒனக்கு எங்கடா கெடைச்சுது?” என்று அவன் காதைப் பிடித்துத் திருகினாள்.

“அய்யோ, பஸ்ஸுல எய்தி இருந்துச்சி தாயே! ஸ்ரீ வரலட்சுமி மோட்டார்ஸ், படாளம் வழின்னு இருந்துச்சி. எய்த்துக்கூட்டிப் படிச்சேன். அவ்ளோதான்!”

மூன்று பேரும் செங்கல்பட்டுக்குப் போனார்கள். நோயாளி, மனைவி, தொடர்பு மூவரும் ஒரே பெஞ்சில் சேர்ந்து வந்து உட்கார்ந்தது நிலையத்தின் வரலாற்றில் முதல் முறை என்று கம்பவுண்டர் தெருவுக்கு அறிவித்தார். நடந்ததை ரத்னா சொல்லி முடித்ததும் டாக்டர் சுப்புராமன் பழைய ரத்தச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். பிறகு காத்தவராயனின் ரத்தத்தை மறுபடி எடுத்தார். அதில் ஒன்றுமே இல்லை.

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிப் படித்தார். “உனக்கு அந்தச் சமயத்தில் குளிர்காய்ச்சல் ஏதாவது இருந்ததா?”

“கட்டில் ஆடுச்சிங்க.”

“காய்ச்சல் கண்ட ரத்தம் சில சமயம் இந்தப் பரிசோதனையில் பொய் சொல்லும் என்று போட்டிருக்கிறது. இதை நீ ஏன் முதலிலேயே சொல்லவில்லை?”

“நீங்க பொம்பளையப் பத்தித்தானே கேட்டீங்க? காய்ச்சலக் கேக்கலியே.”

“அப்போ இவருக்குச் சீக்கே வர்லியா?” என்றாள் ரத்னா.

“அவசரப்படாதே. வரவில்லை என்று நான் எழுதினால் தொடர்பு எப்படி வந்தாள் என்று மேலே கேட்பார்கள். தொடர்பு வந்திருக்கிறாள், ஊசி போட்டிருக்கிறோம், நோயாளி குணமாகியிருக்கிறான்.” டாக்டரின் முகத்தில் முதல் நாள் கண்ட அதே பிரகாசம் பரவியது. “தொடர்புக்கு ஊசி போட்டு நோயாளியைக் குணப்படுத்தியிருக்கிறோம்! கேசவனால் கனவில்கூட முடியாது!”

நிலையத்தின் ஆண்டு விழா வந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் மேடைக்கு வந்தால், காத்தவராயனுக்குக் குணமான சான்றிதழும், வரலட்சுமி மேல் குற்றமில்லை என்று ஊரறிய ஓர் அறிவிப்பும் கிடைக்கும் என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார். வரலட்சுமிக்கு அந்த அறிவிப்பு வேண்டியிருந்தது. கடை அடுப்பு அணையாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை. வந்தாள்.

சென்னையிலிருந்து மேலதிகாரி வந்திருந்தார். பந்தல் போட்டு, நாதசுரம் வைத்து, ரகசியம் காக்கப்படும் என்ற துணியைத் தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் அச்சரப்பாக்கத்து டாக்டர் கேசவன் தன் ஜீப் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேலதிகாரி பேசினார். “இந்த மாவட்டத்தில் இந்த ஆண்டு நோயாளிகளைவிடத் தொடர்புகள் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். இது சாதாரணமான விஷயம் அல்ல. அடுத்த ஆண்டு, நோயாளிகளே இல்லாமல் தொடர்புகளை மட்டும் கண்டுபிடிக்கிற நிலையை எட்டுவோம் என்று உறுதி கூறுகிறேன். நோய் ஒழியலாம், ஒழியாமல் போகலாம். நோயை ஒழிக்கிற துறை ஒருபோதும் ஒழியாது!” கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

அடுத்து சுப்புராமன். “இதோ, தன் தவற்றை ஒப்புக்கொண்டு திருந்திய வரலட்சுமி! இதோ, இவரால் குணமடைந்த காத்தவராயன்!”

“நான் எப்பய்யா ஒத்துக்கினேன்?” என்று வரலட்சுமி கேட்டது மைக்கில் விழவில்லை. அதற்குள் இரண்டு பேரையும் மேடை நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலதிகாரி ஆளுக்கொரு மாலையைப் போட்டார். மேடையில் ஓர் ஆணும் பெண்ணும் மாலையோடு நிற்பதைக் கண்ட நாதசுரக்காரர்கள், பழக்க தோஷத்தில், கெட்டிமேளம் வாசித்துவிட்டார்கள். கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த சிலர் அட்சதை தேடினார்கள். போட்டோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

ரத்னாவுக்கு எல்லாம் தெரியும். சீக்கு இல்லை, தொடர்பு இல்லை, பக்கத்தில் நிற்பவள் தனக்கு இட்லி போட்டவள். எல்லாம் தெரிந்தும், கெட்டிமேளம் காதில் விழுந்ததும் அவள் எப்படி மேடை ஏறினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அவள் காத்தவராயனின் துண்டைப் பிடித்த நொடியில் போட்டோ விளக்கு மின்னியது. மாலை பிய்ந்தது. மைக் உருண்டது. “இது எம் புருசன்! இவருக்குச் சீக்கும் இல்ல, ஒரு பொம்பளையும் இல்ல! நான்தான் அந்த மச்சக்காரி!” என்று அவள் கத்தியது, உருண்ட மைக்கின் வழியாக ரயிலடிவரை கேட்டது. மனைவியின் மனந்திறந்த பாராட்டு என்று மேலதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். டாக்டர் கேசவன் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தியிருந்தார். மறு மாதம் சுப்புராமனுக்கும் ஜீப் வந்தது.

ஐஸ் தொழிற்சாலையில் அந்தச் சான்றிதழைப் பார்த்தார்கள். குணமானவன் என்றால் வந்தவன் என்றுதானே பொருள் என்றார்கள். வேலையை மேனேஜரின் மைத்துனனுக்குக் கொடுத்தார்கள். அவன் ரத்தத்தை யாரும் எடுக்கவில்லை. ஆனால் காத்தவராயனின் நடுக்கம் அதற்குள் நின்றுவிட்டது. தணிகைவேலோடு மரம் ஏறினான். தனித் தட்டு போனது, வலைக் கொட்டகைப் படுக்கையும் போனது.

வரலட்சுமிக்குத்தான் உள்ளூர்ப் பிழைப்பு திரும்பவில்லை. அறிவிப்பு நடந்த லட்சணத்தில் திரும்பி வரலாம் என்றிருந்த நாலு பேரும் நின்றுபோனார்கள். ரத்னா ஒரு நாள் யாரிடமும் கேட்காமல் கூடை வஞ்சிரத்தோடு படாளத்தில் போய் இறங்கி, “இட்லிய வுடு. மீன் கொழம்பு வையி. லாரிக்காரன் நாக்குக்கு ஊர் நாயம் தெரியாது” என்றாள். தெரியவில்லைதான். ரோட்டில் லாரிகள் நிற்கத் தொடங்கின.

வாரத்தில் சில நாள் இரண்டு பஸ் மாறி ரத்னாவே மீன் கொண்டுபோகிறாள். கனக்கிற கூடை. “நான் கொண்டாந்து தரேனே” என்று காத்தவராயன் ஒரு தடவை சொன்னான்.

“படாளம் பக்கம் காலு வெச்சே, ஒடச்சிடுவேன்.”

“இன்னாமே இது? இன்னுமா சந்தேகம்? சீக்கே பொய்யின்னு ஆயிப்போச்சி.”

“சீக்கு பொய்யி. தொடர்பு பொய்யி. போட்டோ பொய்யா?”

அந்தப் போட்டோவை நிலையத்தில் சட்டம் போட்டு, சுவரைப் பார்த்த பெஞ்சுகளுக்கு நேர் எதிரே, எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருப்பதாக மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். ரத்னா போவதில்லை என்றுதான் இருந்தாள். ஒரு நாள் மீன் சீக்கிரம் விற்றுப்போனது. காலிக் கூடையோடு உள்ளே நுழைந்தாள். பெஞ்சில் சிலர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் காத்தவராயனும் வரலட்சுமியும் மாலையோடு மருண்டு நின்றார்கள். ‘குணமான நோயாளியும் திருந்திய தொடர்பும்’ என்று கீழே எழுதியிருந்தது. ரத்னா இருந்த பக்கத்தை அளவாக வெட்டியெறிந்திருந்தார்கள்.

முழுக்க வெட்ட முடியவில்லை. ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் படத்துக்குள் நீண்டு, காத்தவராயனின் தோள் துண்டைக் கொத்தாகப் பிடித்திருந்தது. கண்ணாடி வளையல்கள் நாலும் தெளிவாக விழுந்திருந்தன.

அவள் தன் கை வளையல்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கம்பவுண்டரைக் கூப்பிட்டாள்.

“யோவ், இங்க வரவன் போறவன் யாருன்னா அந்தக் கை யாருதுன்னு கேட்டா இன்னா சொல்லுவ?”

கம்பவுண்டர் படத்துக்குக் கிட்டே போய் அந்தக் கையைப் பார்த்தார்.

“ரத்னாதுன்னு சொல்லு” என்றாள் அவள். “மூணு தபா கூவு.”